எந்த லாங்குவேஜ் ஈஸி, எந்த கோடு பாக்க நல்லா இருக்கு: நீங்களே ஒப்பிட்டு பாக்கறது எப்படி

பைத்தான் ஈஸியா ஜாவா ஈஸியா, ரஸ்ட் கோடு ஏன் இப்படி கண்ண உறுத்துது, கோ ஏன் இவ்ளோ நீளமா இருக்குன்னு கேட்டா ஆளுக்கு ஒரு பதில் சொல்வாங்க, அதுல முக்கால்வாசி அவங்கவங்க மொதல்ல கத்துக்கிட்ட புரோகிராமிங் லாங்குவேஜ்ல இருந்து வர்ற பதிலாத்தான் இருக்கும். சி படிச்சு வந்தவருக்கு கர்லி பிராக்கெட் இல்லாத கோடு மொட்டையா தெரியும், பைத்தான்ல ஆரம்பிச்சவருக்கு ஒவ்வொரு வரி கடைசிலயும் செமிகோலன் போடறது வெட்டி வேலையா தெரியும். அதனால அடுத்தவங்க சொல்றத அப்படியே எடுத்துக்காம, ரெண்டு மூணு லாங்குவேஜ பக்கத்துல பக்கத்துல வச்சு நீங்களே உரசிப் பாக்கறதுக்கு ஒரு வழி சொல்றேன். ஒரு வாரம் சாயந்திர நேரம் ஒதுக்கினா போதும், ஒரே ஒரு டெஸ்டுக்கு மட்டும் மூணு வாரம் காத்திருக்கணும்.

அதுக்கு முன்னாடி என் கருத்த சொல்லிடறேன், ஏன்னா கீழ எழுதறது எல்லாம் இதுல இருந்துதான் வருது. கோடு பாக்க நல்லா இருக்குன்னா கம்மி வரி, கம்மி குறி, இங்கிலீஷ் மாதிரி வாசிக்கலாம்னு அர்த்தம் இல்ல. நீங்க கண்ணால பாத்து என்ன நடக்கும்னு நினைக்கறீங்களோ அதையேதான் மெஷினும் செய்யணும், அந்த மாதிரி கோடுதான் அழகு. கண்ணுக்கு ஒண்ணு தெரிஞ்சு உள்ள வேற ஒண்ணு நடந்தா அது எவ்ளோ சுத்தமா தெரிஞ்சாலும் ஒரு நாள் நடுராத்திரி உங்கள உக்கார வச்சுடும்.

ஹலோ வேர்ல்ட வச்சு முடிவு பண்ணாதீங்க

எல்லாரும் செய்றது இதுதான், ஸ்கிரீன்ல ஹலோ வேர்ல்டுன்னு மட்டும் காட்டற புரோகிராம வரிசையா வச்சுட்டு பைத்தான் ஒரே வரி, ஜாவா அஞ்சு வரி, அதனால பைத்தான் ஈஸின்னு சொல்லிடறது. அது அந்த லாங்குவேஜோட வாசப்படிய மட்டும்தான் காட்டும். ஜாவால பப்ளிக், கிளாஸ், ஸ்டாட்டிக், வாய்ட்னு அர்த்தம் தெரியாத வார்த்தைங்கள மொதல் நாளே அடிக்க வேண்டியிருந்தது நெஜம்தான், ஆனா 2025 செப்டம்பர்ல வந்த ஜாவா 25ல கிளாஸே எழுதாம வெறும் மெயின் ஃபங்ஷன மட்டும் எழுதி ரன் பண்ணலாம்னு ஆக்கிட்டாங்க. வாசப்படி மாறிடுச்சு, உள்ள இருக்கற ஜாவா அதே ஜாவாதான்.

அதுக்கு பதிலா நான் சொல்ற டெஸ்ட் இது. ஒரு டெக்ஸ்ட் ஃபைல எடுத்துக்கங்க, அத படிச்சு, வார்த்தை வார்த்தையா பிரிச்சு, எந்த வார்த்தை எத்தனை தடவை வந்திருக்குன்னு எண்ணி, அதிகமா வந்த பத்து வார்த்தைய பிரின்ட் பண்ற புரோகிராம். சின்னதுதான், ஆனா ஃபைல் படிக்கறது, ஸ்ட்ரிங், லூப், மேப் (ஒவ்வொரு வார்த்தைக்கும் எதிர்ல அதோட எண்ணிக்கைய வச்சுக்கற பட்டியல்), சார்ட்டிங், ஃபைல் இல்லன்னா என்ன பண்றதுங்கறது வரைக்கும் எல்லாம் இதுக்குள்ள வந்துடும். பழைய கணக்கும்கூட. 1986ல இதே கணக்க டொனால்ட் நூத்ங்கற கம்ப்யூட்டர் விஞ்ஞானி, பாஸ்கல்ங்கற லாங்குவேஜ அடிப்படையா வச்ச தன்னோட வெப்ங்கற (இன்டர்நெட் வெப் இல்ல) முறையில பக்கம் பக்கமா விளக்கத்தோட எழுதினார், அத விமர்சனம் பண்ண வந்த டக் மெக்கில்ராய் யூனிக்ஸ் ஷெல்ல ஆறே கமாண்ட பைப் போட்டு (ஒண்ணோட அவுட்புட்ட அடுத்ததுக்கு குடுத்து) கோர்த்து அதே வேலைய முடிச்சு காட்டினார். ரெண்டு பேர்ல யார் கோடு நல்ல கோடுன்னு இன்னமும் சண்டை நடக்குது, அந்த அளவுக்கு தோண்டத் தோண்ட வர்ற கணக்கு இது.

லாங்குவேஜ் மூணுக்கு மேல எடுக்காதீங்க, குழம்பிடும். ஒண்ணு உங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்சதா இருக்கட்டும், இன்னொண்ணு கத்துக்கலாமான்னு யோசிக்கறது, மூணாவது அது ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லாத ஜாதில ஒண்ணு.

இன்ஸ்டால் பண்றதுல இருந்தே கணக்கு ஆரம்பிச்சுடுது

டவுன்லோட் பட்டன அமுக்கினதுல இருந்து உங்க கோடு மொதல் தடவை ஓடற வரைக்கும் எவ்ளோ நேரம் ஆச்சு, எத்தனை தடவை தேடிப் பாக்க வேண்டியிருந்ததுன்னு ஒரு நோட்டுல குறிச்சுக்கங்க. கோ, ரஸ்ட் ரெண்டும் இதுல ரொம்ப நல்லா இருக்கும், கம்பைல், டெஸ்ட், லைப்ரரி (அடுத்தவங்க எழுதி வச்ச ரெடிமேட் கோடு) இறக்கறது எல்லாம் ஒரே கமாண்டுல அடங்கிடும், ரஸ்ட்ல அந்த கமாண்டு பேரு கார்கோ. பைத்தான் ஆரம்பிக்கறப்ப சுலபம், வெளில இருந்து லைப்ரரி போட ஆரம்பிச்சதும் விர்ச்சுவல் என்விரான்மென்ட்னு ஒண்ண (ஒவ்வொரு புராஜெக்டோட லைப்ரரியையும் தனித்தனியா வைக்கற ஏற்பாடு) புரிஞ்சுக்கணும், புதுசா வர்றவங்க நெறைய பேர் தடுமாறற இடமே அதுதான். சி++ல பில்ட் டூல தேர்ந்தெடுக்கறதே தனி படிப்பு. இதுக்கு மேல இந்த விஷயத்துல ஒண்ணும் இல்ல, ஒரு தடவை செஞ்சு முடிச்சா மறந்துடுவோம்.

ஒரே ஒரு வரிய மட்டும் எடுத்து உத்துப் பாருங்க

முழு புரோகிராமையும் பக்கத்துல வச்சு பாத்தா கண்ணு அலைபாயும். அதனால இந்த புரோகிராமோட உயிரான ஒரு வரிய எடுத்துக்கங்க: "இந்த வார்த்தையோட எண்ணிக்கைல ஒண்ணு கூட்டு". இங்க கோட தமிழ் எழுத்துலயே எழுதறேன், எடிட்டர்ல அதோட சொந்த ஸ்பெல்லிங்ல அடிச்சுக்கங்க.

பைத்தான்ல இப்படி: கவுண்ட்ஸ்[வேர்டு] += 1

பாக்கறதுக்கு இதைவிட சுத்தமா எழுத முடியாது. ஆனா கவுண்ட்ஸ்ங்கறது காலி டிக்ஷனரியா (பைத்தான்ல மேப்புக்கு பேரு இதுதான்) இருந்தா மொதல் வார்த்தைலயே கீ எரர்னு சொல்லி நின்னுடும், ஏன்னா இல்லாத ஒண்ணோட ஒண்ண கூட்ட முடியாது. கவுண்டர்னு ஒரு ரெடிமேட் டைப் இருக்கு, அத போட்டா இதே வரி அப்படியே வேலை செய்யும், பத்து டாப் வார்த்தையும் அதுகிட்டயே கேட்டு வாங்கிக்கலாம். இதுல ஒரு பாடம் இருக்கு பாருங்க, பைத்தான் ஈஸின்னு சொல்றதுல பாதி அதோட சின்டாக்ஸ் (எழுதற இலக்கணம்) இல்ல, கூட வர்ற லைப்ரரி.

கோல: கவுண்ட்ஸ்[வேர்டு]++

இல்லாத வார்த்தைய கேட்டா சைபர்னு எடுத்துக்கும், அதனால நேரா ஓடும். ஆனா அந்த மேப்ப மேக் போட்டு உருவாக்காம வெறும் பேர மட்டும் அறிவிச்சுட்டு இந்த வரிய எழுதினா, கம்பைல் ஆகும், ஓடும்போது பேனிக் ஆகி விழும்.

சி++லயும் இதே கவுண்ட்ஸ்[வேர்டு]++ தான், கூடவே செமிகோலன். கூட்டறதுக்கு நல்லாத்தான் இருக்கும். ஆனா அங்க சும்மா கவுண்ட்ஸ்["ஏதோ"]ன்னு எட்டிப் பாத்தாலே போதும், அந்த வார்த்தை இல்லன்னா அத சைபர் எண்ணிக்கையோட உள்ள சேர்த்துடும். கண்ணுக்கு தெரியறது படிக்கறது, நடக்கறது எழுதறது. நான் மேல சொன்னதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஜாவாஸ்கிரிப்ட்ல வழக்கமா எழுதறது: கவுண்ட்ஸ்[வேர்டு] = (கவுண்ட்ஸ்[வேர்டு] || 0) + 1

இல்லன்னா சைபர் வச்சுக்கோ, ஒண்ணு கூட்டுன்னு படிச்ச உடனே புரியும். இப்ப உங்க டெக்ஸ்ட் ஃபைல்ல கன்ஸ்ட்ரக்டர்ங்கற இங்கிலீஷ் வார்த்தைய ஒரு தடவை சேர்த்துட்டு ரன் பண்ணுங்க. கவுண்ட்ஸ் வெறும் ஆப்ஜெக்டா இருந்தா, அந்த பேர்ல ஏற்கனவே ஒரு ஃபங்ஷன் பரம்பரையா உள்ள உக்காந்திருக்கும், அதனால எண்ணிக்கைக்கு பதிலா ஃபங்ஷனோட டெக்ஸ்டும் அதோட வாலா ஒரு 1ம் ஒட்டி வரும். எரரே வராது. மேப் டைப்ப எடுத்து கெட், செட்னு எழுதினா சரியா இருக்கும், ஆனா கண்ணுக்கு சுலபமா தெரியற வழி தப்பான வழி, கொஞ்சம் நீளமா தெரியறது சரியான வழி, ஒரு லாங்குவேஜ்ல இது நடந்தா அத உங்க நோட்டுல பெருசா எழுதி வைங்க.

ஜாவால: கவுண்ட்ஸ்.மெர்ஜ்(வேர்டு, 1, இன்டிஜர்::சம்);

மொதல் தடவை பாக்கறவங்களுக்கு சுத்தமா புரியாது, டாக்குமென்டேஷன் பாத்தே ஆகணும். பாத்துட்டா வேற அர்த்தமே கிடையாது, பழைய மதிப்பு இருந்தா இந்த ஃபங்ஷன வச்சு சேரு, இல்லன்னா 1 போடு, அவ்ளோதான்.

ரஸ்ட்ல: *கவுண்ட்ஸ்.என்ட்ரி(வேர்டு).ஆர்_இன்சர்ட்(0) += 1;

இருக்கறதுலயே கண்ண உறுத்தறது இதுதான், முன்னாடி நட்சத்திரம், ரெண்டு புள்ளி, அடிக்கோடு. ஆனா இடமிருந்து வலமா மெதுவா படிங்க. இந்த வார்த்தைக்கான இடத்துக்கு போ, காலியா இருந்தா 0 போடு, அந்த இடத்தோட ரெஃபரன்ஸ (முகவரி மாதிரி) குடு, அந்த ரெஃபரன்ஸ் காட்டற மதிப்புல (இதுக்குத்தான் அந்த நட்சத்திரம்) ஒண்ண கூட்டு. மத்த லாங்குவேஜ்ல மறைஞ்சு நடந்த ஒவ்வொரு அடியும் இங்க வெளில எழுதியிருக்கு. என்னைக் கேட்டா இந்த ஆறு வரில ரொம்ப அழகான வரி இதுதான், நெறைய பேர் ஒத்துக்க மாட்டாங்கன்னு தெரியும், பரவால்ல.

சில சமயம் வித்தியாசம் அவுட்புட்லதான் தெரியும். ஒரே புரோகிராம ரெண்டு தடவை ரன் பண்ணி பாருங்க. பைத்தான் 3.7ல இருந்து டிக்ஷனரில எந்த வரிசைல போட்டோமோ அதே வரிசைல திரும்ப வரும், அதனால சம எண்ணிக்கை இருக்கற வார்த்தைங்க எப்பவும் ஒரே வரிசைல நிக்கும். கோ வேணும்னே மேப்போட வரிசைய ஒவ்வொரு தடவையும் கலைச்சு குடுக்கும், அதனால பத்தாவது வார்த்தை ரன்னுக்கு ரன் மாறலாம். வரிசைய நம்பி யாரும் கோடு எழுதிடக் கூடாதுன்னு அப்படி பண்ணி வச்சிருக்காங்க, கடுப்பா இருக்கும், ஆனா நேர்மையான கடுப்பு.

வார்த்தைய பிரிக்கற இடத்துலயும் ஒரு தடவை நில்லுங்க. பைத்தான்ல ஸ்ப்ளிட்டுக்கு எதுவும் குடுக்காம கூப்பிட்டா முன்னாடி பின்னாடி இருக்கற ஸ்பேஸ தானே தள்ளிடும், கோல ஃபீல்ட்ஸ்னு இருக்கறதும் அப்படியே. ஜாவாஸ்கிரிப்ட்ல ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எந்த மாதிரி எழுத்த தேடணும்னு சொல்ற குறியீடு) வச்சு பிரிச்சா ஃபைல் கடைசில இருக்கற நியூலைனுக்கு ஒரு காலி ஸ்ட்ரிங் வந்து அதுவும் ஒரு வார்த்தையா எண்ணப்படும். ஜாவால கடைசில வர்ற காலிய தள்ளிடுவாங்க, மொதல்ல வர்ற காலிய தள்ள மாட்டாங்க.

தமிழ் டெக்ஸ்ட் குடுத்து பாருங்க

நம்ம மாதிரி ஆளுங்களுக்கு இந்த டெஸ்ட் ரொம்ப முக்கியம், இங்கிலீஷ் டெக்ஸ்ட்ல எல்லா லாங்குவேஜும் நல்ல பிள்ளையாத்தான் இருக்கும். "தமிழ்"னு ஒரு ஸ்ட்ரிங் போட்டு அதோட நீளம் என்னன்னு கேளுங்க. ஸ்விஃப்ட்ங்கற லாங்குவேஜ் 3ன்னு சொல்லும், நாம எண்ற மாதிரியே த, மி, ழ். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், ரூபி எல்லாம் 5ன்னு சொல்லும், ஏன்னா கொக்கியையும் புள்ளியையும் தனித்தனியா எண்ணும். கோலயும் ரஸ்ட்லயும் லென் கேட்டா 15, அது யுடிஎஃப்-8 (எழுத்த மெஷின் சேமிச்சு வைக்கற ஒரு முறை) பைட் கணக்கு. மூணுமே அதது வழில சரிதான், ஆனா எந்த லாங்குவேஜ் தன்னோட கணக்கு எதுங்கறத பேர்லயே சொல்லுதுன்னு பாருங்க. ரஸ்ட்ல எழுத்துக்கணக்கு வேணும்னா சார்ஸ்னு தனியா கேக்கணும், அப்ப 5 வரும்.

இன்னொண்ணு, பைத்தான்ல வார்த்தைய பிரிக்க ரெகுலர் எக்ஸ்பிரஷன்ல \டபிள்யூ (வார்த்தைல வர்ற எழுத்துங்கள பிடிக்கற குறி) போட்டீங்கன்னா "தமிழ்" ரெண்டு துண்டாகும், "தம"ன்னு ஒண்ணு, "ழ"ன்னு ஒண்ணு, நடுவுல இருக்கற கொக்கியையும் கடைசி புள்ளியையும் அது எழுத்தாவே எடுத்துக்காது. அதனால ஸ்பேஸ வச்சு பிரிங்க. விண்டோஸ்ல ஃபைல திறக்கும்போது என்கோடிங் யுடிஎஃப்-8னு நீங்களே சொல்லிடுங்க, இல்லன்னா கட்டம் கட்டமா வரும் இல்ல எரர் வரும்.

வேரியபிள் பேர தமிழ்ல வைக்கணும்னு ஆசை இருந்தா பைத்தான் 3, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், ரஸ்ட் எல்லாம் விடும். கோ விடாது, மெய்யெழுத்துப் புள்ளியும் கொக்கியும் அதோட கணக்குல எழுத்து இல்ல, அதனால "எண்"ங்கற பேர்கூட கம்பைல் ஆகாது. குழந்தைங்களுக்கு தமிழ்ல சொல்லித் தரணும்னு நினைக்கறவங்க இத கவனத்துல வச்சுக்கங்க.

வேணும்னே உடைங்க

புரோகிராம் ஓடிடுச்சுன்னா சந்தோஷப்பட்டு மூடி வச்சுடாதீங்க, ஈஸியா இல்லையாங்கறது அது உடையும்போதுதான் தெரியும். ஒரு வேரியபிள் பேர்ல ஒரு எழுத்த மாத்துங்க, ஒரு பிராக்கெட்ட மூடாம விடுங்க, இல்லாத ஃபைல் பேர குடுங்க, நம்பர் வர வேண்டிய இடத்துல ஸ்ட்ரிங்க குடுங்க. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு விஷயம் குறிங்க, எரர் எப்ப வந்தது, அந்த மெசேஜ மட்டும் படிச்சு உங்களால சரி பண்ண முடிஞ்சதா.

பைத்தான்ல 2021ல வந்த 3.10க்கு முன்னாடி பிராக்கெட்ட மூட மறந்தா, அதுக்கு கீழ சம்பந்தமே இல்லாத வரிய காட்டி சின்டாக்ஸ் எரர்னு சொல்லும், புதுசா படிக்கறவங்க தப்பே இல்லாத வரிய முறைச்சு பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. இப்ப எந்த பிராக்கெட் மூடலன்னு அந்த பிராக்கெட்டையே காட்டும், பேர்ல ஸ்பெல்லிங் தப்புன்னா நீங்க இதத்தான் சொல்ல வந்தீங்களான்னு கேக்கும். இதுக்காக சின்டாக்ஸ் ஒரு எழுத்துகூட மாறல, ஆனா லாங்குவேஜ் ஈஸி ஆயிடுச்சு. ஆனா ஒண்ணு, பேர்ல இருக்கற தப்பு அந்த வரி ஓடும்போதுதான் தெரியும், என்னைக்கோ ஒரு நாள் ஓடற வரின்னா என்னைக்கோ ஒரு நாள்தான் தெரியும்.

ரஸ்ட்ல ஒரு ஸ்ட்ரிங்க இன்னொரு வேரியபிளுக்கு குடுத்துட்டு பழைய பேர திரும்ப உபயோகப்படுத்தி பாருங்க. ஈ0382ன்னு எரர் நம்பர் வரும், எந்த வரில மதிப்பு கைமாறிச்சு, எந்த வரில நீங்க திரும்ப தொட்டீங்கன்னு ரெண்டு இடத்தையும் கோடு போட்டு காட்டி, வேணும்னா குளோன் பண்ணிக்கோங்கன்னு யோசனையும் சொல்லும். கத்துக்கறதுக்கு கஷ்டமான லாங்குவேஜ்தான், ஆனா தடுக்கி விழற ஒவ்வொரு இடத்துலயும் ஒரு வாத்தியார் நிக்கறார். ஜாவாஸ்கிரிப்ட்ல ஆப்ஜெக்டுக்குள்ள இருக்கற ஒரு பேர தப்பா அடிச்சா எரரே இல்லாம அன்டிஃபைன்ட்னு ஒண்ணு கையில வந்து, அது பத்து ஃபங்ஷன் தாண்டி போய் வெடிக்கும், டைப்ஸ்கிரிப்ட் (டைப்ப முன்கூட்டியே சரிபாக்கற ஜாவாஸ்கிரிப்ட்) சேர்த்துட்டா இந்த தொல்லை பெரும்பாலும் தீரும். கோல உபயோகப்படுத்தாத வேரியபிள் ஒண்ணு இருந்தாக்கூட கம்பைல் ஆகாது, சும்மா முயற்சி பண்ணி பாக்கற நேரத்துல எரிச்சலா இருக்கும், ஆறு மாசம் கழிச்சு அந்த ஃபைல திறக்கறவருக்கு நிம்மதியா இருக்கும்.

கோடு பாக்க எப்படி இருக்கு

எல்லா கோடையும் மொதல்ல ஃபார்மேட்டர்ல (கோட ஒரே சீரா அடுக்கி குடுக்கற டூல்) போட்டு எடுங்க. கோவுக்கு கோஃபம்ட், பைத்தானுக்கு பிளாக், ஜாவாஸ்கிரிப்டுக்கு பிரிட்டியர், ரஸ்டுக்கு ரஸ்ட்ஃபம்ட், சிக்கும் சி++க்கும் கிளாங்-ஃபார்மேட். இது செய்யாம ஒப்பிட்டா நீங்க லாங்குவேஜ ஒப்பிடல, எழுதினவரோட கைப்பழக்கத்த ஒப்பிடறீங்க. கோ 2009ல வெளில வந்தப்பவே ஃபார்மேட்டரும் கூடவே வந்துடுச்சு, டேபா ஸ்பேஸா, பிராக்கெட் எந்த வரிலங்கற சண்டையே அங்க கிடையாது. யார் எழுதின கோ கோட திறந்தாலும் ஒரே மாதிரி இருக்கறதுக்கு அதுதான் காரணம், அந்த லாங்குவேஜ்ல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயமும் அதுதான்.

இப்ப கண்ணும் மெஷினும் ஒத்துப் போகுதான்னு பாக்கற வேலை. 2014 பிப்ரவரில ஆப்பிள் ஒரு அவசர அப்டேட் விட்டாங்க, எஸ்எஸ்எல் (இன்டர்நெட்ல பாதுகாப்பா தகவல் அனுப்பற முறை) சரிபாக்கற சி கோடுல ஒரு இஃப்புக்கு கீழ கோட்டு ஃபெயில்ங்கற (ஃபெயில்னு பேர் வச்ச இடத்துக்கு நேரா தாவுன்னு அர்த்தம்) வரி ரெண்டு தடவை அடுத்தடுத்து இருந்தது. பிராக்கெட் போடல, ரெண்டு வரியும் ஒரே அளவுக்கு உள்ள தள்ளி இருந்தது, பாக்கறவங்க கண்ணுக்கு ரெண்டும் அந்த இஃப்புக்கு சொந்தம். சி கம்பைலர் தள்ளி எழுதினத பாக்காது, அதுக்கு மொத வரி மட்டும்தான் இஃப்புக்குள்ள, ரெண்டாவது வரி எப்பவும் ஓடும், அதனால கையெழுத்து சரிபாக்கற வேலையே தாண்டிப் போயிடுச்சு. பைத்தான்ல உள்ள தள்ளி எழுதறதுதான் சின்டாக்ஸே, ரெண்டு வரியும் நெஜமாவே இஃப்புக்குள்ள இருந்திருக்கும். கோலயும் ரஸ்ட்லயும் பிராக்கெட் போட்டே ஆகணும். பைத்தானோட இண்டென்டேஷன குறை சொல்றவங்க இந்த ஒரு சம்பவத்த ஒரு தடவை யோசிச்சு பாக்கணும்.

அதுக்காக பைத்தான் வழில வலியே இல்லன்னு சொல்ல வரல, காப்பி பேஸ்ட் பண்ணும்போது ஒரு வரி லூப்ப விட்டு வெளில வந்துட்டா அர்த்தமே மாறிடும், ஆனா மாறினது கண்ணுக்கு தெரியும். டேபையும் ஸ்பேஸையும் குழப்பி போட்டா பைத்தான் 3 ஓடவே மாட்டேன்னு சொல்லிடும்.

ஜாவாஸ்கிரிப்ட்ல இத அடிச்சு பாருங்க: ரிட்டர்ன்னு எழுதி என்டர் தட்டி, அடுத்த வரில கர்லி பிராக்கெட் திறந்து ஒரே ஒரு மதிப்பு இருக்கற ஆப்ஜெக்ட எழுதுங்க. பாக்கறதுக்கு ஆப்ஜெக்ட திருப்பி குடுக்கற மாதிரி இருக்கும், ஆனா ரிட்டர்ன் முடிஞ்ச இடத்துலயே அது தானா ஒரு செமிகோலன போட்டுக்கும், கையில வர்றது அன்டிஃபைன்ட். ஒரே ஒரு நியூலைன்.

பெர்ல்ல டாலர், அட், பெர்சென்ட் குறிங்க வேரியபிளுக்கு முன்னாடி நிக்கும், இது ஒத்தை மதிப்பா, லிஸ்டா, ஹாஷான்னு அத பாத்தே சொல்லிடலாம், கண்ணுக்கு நெரிசல் ஆனா தகவல் இருக்கு. லிஸ்ப் பிராக்கெட்ட பாத்து பயப்படறவங்க அதுல எந்த கணக்கு மொதல்லங்கற விதியே மனப்பாடம் பண்ண வேண்டாங்கறத கவனிக்கணும், பிராக்கெட்டே சொல்லிடும். கோபால்ங்கற பழைய லாங்குவேஜ்ல ஆட், டு, கிவிங்னு இங்கிலீஷ் வாக்கியமாவே எழுதலாம், ஆனா இங்கிலீஷ் தெரிஞ்ச எல்லாரும் புரோகிராம் எழுதிடல.

தெரியாத ஒருத்தர்கிட்ட குடுங்க

நமக்கு பழகினது நமக்கு அழகா தெரியும், அத நாமளே கழிச்சுட முடியாது. 2013ல ஆண்ட்ரியாஸ் ஸ்டெஃபிக்கும் சுசானா சீபர்ட்டும் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. புரோகிராமிங் தெரியாதவங்களுக்கு வேற வேற லாங்குவேஜ குடுத்து எவ்ளோ சரியா எழுதறாங்கன்னு பாத்தாங்க, அதுல ஒரு லாங்குவேஜ் கீவேர்டு எல்லாத்தையும் கண்ண மூடிட்டு தேர்ந்தெடுத்து இவங்களே உருவாக்கினது. பெர்லும் ஜாவாவும் அந்த லாங்குவேஜவிட பெருசா ஒண்ணும் நல்லா வரல, பைத்தான், ரூபி, குவோரம் மூணும் நல்லா வந்தது. சி வழி வந்த சின்டாக்ஸ் நமக்கு இயல்பா தெரியறது பழக்கத்தாலதான்னு இதுக்கு மேல சாட்சி வேணுமா.

உங்க வீட்லயோ வேலை செய்ற இடத்துலயோ கோடிங் பக்கமே வராத ஒருத்தர்கிட்ட புரோகிராம பிரின்ட் எடுத்து குடுங்க. விளக்காதீங்க. ஒரு சின்ன டெக்ஸ்டையும் குடுத்து, இத ஓட்டினா என்ன வரும்னு நீங்களே எழுதுங்கன்னு கேளுங்க. எந்த வரில நின்னு யோசிக்கறாங்கன்னு பாத்து அந்த வரிய வட்டம் போடுங்க. அப்புறம் மூணு வாரம் கழிச்சு அதே கோட நீங்களே படிங்க, நீங்க நிக்கற வரியையும் வட்டம் போடுங்க. ரெண்டு வட்டமும் விழற வரி அந்த லாங்குவேஜோட குறை, அவங்க வட்டம் மட்டும் விழற வரி நீங்க பழகிட்டது.

கடைசியா மாத்தி பாருங்க

மூணு லாங்குவேஜ்லயும் ஒரே மாத்தத்த செய்ங்க: ஒரு ஃபைலுக்கு பதிலா பத்து ஃபைல் குடுக்கணும், எந்த ஃபைல் இல்லையோ அத மட்டும் சொல்லிட்டு மத்தத எண்ணணும். எத்தனை இடத்துல கை வைக்க வேண்டியிருந்ததுன்னு எண்ணுங்க. தாமஸ் கிரீன் 1989லயே இதுக்கு ஒரு அளவுகோல் சொல்லிட்டார், ஒரு சின்ன மாத்தத்துக்கு எத்தனை இடத்த தொட வேண்டியிருக்கோ அந்த அளவுக்கு அந்த எழுத்துமுறை பிசுபிசுப்பானது. கோல ஏற்கனவே ஒவ்வொரு இடத்துலயும் எரர் நில்லா (எரர் எதுவும் இல்லன்னு அர்த்தம்) இல்லன்னா என்ன பண்றதுன்னு எழுதி வச்சிருப்பீங்க, பாத்து பாத்து சலிச்சிருக்கும், ஆனா இந்த மாத்தம் அங்க ஒண்ணு ரெண்டு வரிலயே முடிஞ்சுடும். ஜாவால ஃபைல் இல்லன்னா வர்ற எக்செப்ஷன (ஓடும்போது வர்ற எரர) எங்கயாவது கையாண்டே ஆகணும்னு கம்பைலரே பிடிச்சுக்கும். பைத்தான்ல எந்த இடத்துல ஃபைல் இல்லாம போகும்னு நீங்கதான் ஞாபகம் வச்சு ட்ரை போடணும்.

வரி எண்ணிக்கைய மட்டும் வச்சு தீர்ப்பு எழுதாதீங்க, ஆனா ஒதுக்கவும் வேணாம். 2000ல லுட்ஸ் பிரெக்கெல்ட் ஏழு லாங்குவேஜ்ல ஒரே கணக்குக்கு எழுதின 80 புரோகிராம ஒப்பிட்டார், பைத்தான், பெர்ல் மாதிரி ஸ்கிரிப்ட் லாங்குவேஜ்ல நேரமும் நீளமும் சி, சி++, ஜாவாவோட பாதிதான் வந்தது. எழுதற வேகத்துக்கு அது நல்ல சாட்சி. படிக்கற சுகத்துக்கு உங்க நோட்டுல இருக்கற வட்டங்கதான் சாட்சி.

நோட்ட திறந்து வச்சுட்டு உங்க வேலைய நினைச்சுக்கங்க. இன்னைக்கு எழுதி நாளைக்கு தூக்கிப் போடற சின்னச் சின்ன வேலைங்கன்னா எழுதற வேகத்துக்கு மார்க் அதிகமா குடுங்க, பைத்தான் பக்கம் சாயும். நாலு பேர் சேர்ந்து வருஷக்கணக்கா வச்சுக்கப் போற கோடுன்னா உடைச்சு பாத்த பக்கத்துக்கும் மாத்தி பாத்த பக்கத்துக்கும் அதிகமா குடுங்க, கோவோ கோட்லினோ ரஸ்டோ மேல வரும். பிரவுசர்ல ஓடணும்னா ஜாவாஸ்கிரிப்ட விட்டா பெருசா வழி இல்ல, டைப்ஸ்கிரிப்டோட எடுத்துக்கங்க. ரெண்டு லாங்குவேஜ் சமமா நின்னா, ரெண்டுலயும் பேர் வாங்கின ஒரு ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட எடுத்து ஒரு ஃபைல மேல இருந்து கீழ வரைக்கும் படிங்க, எத கடைசி வரைக்கும் படிக்க முடிஞ்சதோ அதுல அடுத்த புரோகிராம எழுத ஆரம்பிச்சுடுங்க.